சித்திர டீச்சர் பதில்கள்: பெறாத தாய்மார்

போன இதழின் கடைசியில் வாசகர்களிடம் ஒன்று கேட்டிருந்தேன். தாய் என்றதும் எந்தப் படம், எந்தச் சிலை, எந்தக் கூத்துக் காட்சி உங்கள் கண்ணுக்குள் வருகிறது என்று. அஞ்சலட்டையும் கடிதமுமாக ஒரு பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. பேத்தியின் போனுக்கு வந்தவை வேறு. 36 வருடம் மட்டக்களப்பு, அம்பாறைப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவளுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? எல்லாவற்றையும் வாசித்தேன். தம்பிலுவிலில் இருந்து வந்த ஒரு கடிதத்தை வாசித்ததும் மடித்து வைத்துவிட்டு முற்றத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: டீச்சர், எனக்குப் பிள்ளை இல்லை. 2004 சுனாமியில் அக்கா போனபோது எனக்கு 26 வயது. அக்காவின் மகளுக்கு ஆறு, மகனுக்கு மூன்று. இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். போன அன்னையர் தினத்துக்கு மகன் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்தான். அதில் ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அவன் ஆசையோடுதான் தந்தான். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பெறாத என்னை எந்தப் படத்தில் தேடுவது? (ஒரு வாசகி, தம்பிலுவில்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அட்டையை வெளியே எடுங்கள். அதில் இருப்பது நீங்கள் இல்லை என்று யார் சொன்னது?

சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வார்த்தது. இப்போது நியூயோர்க்கில் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் இருக்கிறது. ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துப் பால் கொடுக்கிறாள். நான் நேரில் கண்டதில்லை. புத்தகமொன்றில் வந்த படத்தைச் சட்டம் போட்டு வகுப்பறையில் கனகாலம் மாட்டி வைத்திருந்தேன். "இது யார்?" என்று கேட்டால் பிள்ளைகள் "அம்மா" என்பார்கள். பெயர் கேட்டால் முழிப்பார்கள். அவள் யசோதை. கண்ணனைப் பெற்றவள் தேவகி. சிறைக்குள் பெற்று, பெற்ற இரவிலேயே கையைவிட்டுக் கொடுத்தவள். அவளுடைய துயரத்துக்கு அளவில்லை. ஆனாலும் பால் கொடுக்கும் தாயை வார்க்க வேண்டும் என்று நினைத்த அந்தச் சிற்பி, வளர்த்தவளின் மடியில்தான் பிள்ளையைக் கிடத்தினான்.

உமையை எடுத்துப் பாருங்கள். முருகன் சிவனுடைய நெற்றிப் பொறியில் தோன்றிச் சரவணப் பொய்கைக்குப் போன பிள்ளை. பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். உமை வந்து அள்ளி அணைத்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோழர் செய்த சோமாஸ்கந்தர் சிலைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை துள்ளிக்கொண்டு நிற்கிறது. திருஞானசம்பந்தர் சிலையையும் கோயில்களில் கண்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளை, ஒரு கையில் கிண்ணம், மற்றக் கையின் விரல் மேலே காட்டுகிறது. சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத பிள்ளைக்கு உமை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள் என்று பெரியபுராணம் சொல்கிறது. "யார் தந்தது?" என்று தகப்பன் அதட்ட, பிள்ளை கையைத் தூக்கிக் காட்டுகிறது. அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் 2005 ஜனவரியில் நாங்கள் இருந்த பள்ளிக்கூட முகாம்தான் எனக்கு நினைவு வரும். கரும்பலகைக்குக் கீழே ஒரு பெரிய கேத்தல், பால்மாப் பெட்டி, விதவிதமான நிறத்தில் பிளாஸ்டிக் கோப்பைகள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் கலியாணம் முடிக்காதவளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்கள். எந்தப் பிள்ளை யாருடையது என்று அந்த நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதில் நீங்களும் ஒருத்தியாக இருந்திருப்பீர்கள்.

சங்கப் பாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய். வளர்த்தவள் செவிலி. மகள் விரும்பியவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால் நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். காட்டு வழியில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலி. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய செவிலி சொல்கிறாள்: நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது, பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது, வானத்து மீனைவிட அதிகமாக இருக்கிறார்கள் இந்த உலகத்தில் மற்றவர்கள். அவள் தேடும் இரண்டு பேர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தப் பாட்டை நான் ஒரு தாயின் பாட்டு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். வேறு எப்படிச் சொல்வது?

உங்கள் ஊரிலேயே கண்ணகை அம்மன் இருக்கிறா. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடியும் வரைக்கும் தம்பிலுவிலும் ஆரையம்பதியும் செட்டிபாளையமும் "தாயே, தாயே" என்று கிடக்கும். பிள்ளைக்குக் கொப்புளிப்பான் போட்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டுகிறோம். அந்த அம்மாளுக்கு ஒரு பிள்ளை இல்லை. கோவலனுக்குப் பிள்ளை பெற்றவள் மாதவி. அந்த மாதவியே மணிமேகலைக் காப்பியத்தில் தன் மகளைப் பற்றிச் சொல்லும்போது "மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை" என்கிறாள். தன் வயிற்றில் பிறந்ததைக் கண்ணகியின் மகள் என்கிறாள்! இத்தனை பெரிய மனதோடு சொன்ன இன்னொரு தாயை நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொன்று, இது நம்முடைய பக்கத்துக்கே உரியது. இங்கே குடி தாய்வழியில் வருகிறது. நீங்களும் உங்கள் அக்காவின் பிள்ளைகளும் ஒரே குடி, ஒரே வயிற்றுவார், அதாவது ஒரே தாய்வழிக் கிளை. கோயிலில் குடிக்கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் உங்கள் வரிசையில்தான் நிற்பார்கள், தகப்பன் வரிசையில் நிற்கமாட்டார்கள். சின்னம்மா என்ற சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள்.

அட்டைக்கு ஒரு சட்டம் போடுங்கள். கீழே யசோதை என்று மகனின் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அன்னையர் தினம் வெள்ளைக்காரரின் பழக்கம்தானே, நமக்கு எதற்கு? (ஒரு வாசகர், ஏறாவூர்)

பதில்: வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், குற்றமில்லை. ஆனால் அதைத் தொடங்கிய பெண்ணின் கதை தெரிந்திருந்தால் நல்லது. அமெரிக்காவில் மேற்கு வெர்ஜீனியாவைச் சேர்ந்த அன்னா ஜார்விஸ், இறந்துபோன தன் தாயை நினைத்து 1908இல் ஒரு தேவாலயத்தில் ஆராதனை நடத்த ஏற்பாடு செய்தார். 1914இல் ஜனாதிபதி வில்சன் அதை நாடு முழுவதற்கும் அறிவித்தார். அப்புறம் பூக்கடைக்காரரும் அட்டைக் கொம்பனிகளும் அதை வியாபாரமாக்கியபோது அதே அன்னா ஜார்விஸ் அதை எதிர்த்துக் கடைசி வரைக்கும் போராடினார். தாய்க்குச் சொல்வதைக் கையால் எழுதச் சோம்பலா என்பது அவருடைய கோபம். அவர் கலியாணம் முடிக்கவில்லை, பிள்ளையும் இல்லை. தம்பிலுவில் தங்கச்சி இதையும் வாசிக்க வேண்டும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். ஆயித்தியமலை சதா சகாய மாதா படத்தில் தாய் மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்க்காமல் ஏன் எங்களைப் பார்க்கிறா? வரைந்தவருக்குப் பிழைத்துவிட்டதா? (மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: பிழைக்கவில்லை மகள். நல்ல கேள்வி. இனி அந்தப் படம் கையில் கிடைத்தால் முகத்தை விட்டுவிட்டு முதலில் பிள்ளையின் காலைப் பார்.

ஒரு கால் செருப்பு கழன்று, வாரில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏன்? பிள்ளை விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் எதையோ கண்டு பயந்து ஓடி வந்து தாயிடம் ஏறியிருக்கிறது. எதைக் கண்டது? மேலே இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு தேவதூதர்கள். ஒருவர் கையில் ஈட்டியும் கடற்பஞ்சுத் தண்டும். மற்றவர் கையில் சிலுவையும் ஆணிகளும். பிள்ளை தலையைத் திருப்பிச் சிலுவைப் பக்கம் பார்க்கிறது. இரண்டு கையாலும் தாயின் ஒரு கையைப் பிடித்திருக்கிறது. தாயின் கையையும் பார். அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை, விரல்கள் நீட்டியபடி இருக்கின்றன. பிடித்திருப்பது பிள்ளை. நடக்கப்போவது அவளுக்கும் தெரியும், தடுக்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் அவள் எங்களைப் பார்க்கிறாள். "இந்தப் பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிற பார்வை அது. எனக்கு அப்படித்தான் படுகிறது, உனக்கு வேறு விதமாகப் பட்டால் அதை எழுது.

மூலப்படம் ரோமில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. பைசாந்திய முறையில் பலகையில் வரைந்தது. 1866இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அதன் பிரதிகள் உலகமெல்லாம் போயின. பின்னணி முழுவதும் பொன் நிறம். வானம், மலை, வீடு என்று ஒன்றும் இல்லை. அந்த மரபில் பொன் நிறம் என்றால் இறைவனின் ஒளி, ஊரும் நாளும் கடந்த இடம் என்று அர்த்தம்.

ஒரு தரம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளை இந்தப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னேன். அநேகமாக எல்லாரும் செருப்பை விட்டுவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் வரைந்திருந்தான். ஆனால் இரண்டு செருப்பும் ஒழுங்காக வார் போட்டு, காலோடு சேர்த்து. "ஏன் மனே இப்படி?" என்றேன். "கழண்டா விழுந்திரும் டீச்சர்" என்றான். அந்தப் பையனுக்குத் தாய் வெளிநாட்டில், குவைத்தில் வேலை. நான் புள்ளி குறைக்கவில்லை. அந்தத் தாளை இன்னமும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், உங்கள் பதில்களில் எப்போதும் சிலையும் படமுமாகத்தான் இருக்கும். நாங்கள் உருவம் வைத்து வணங்குவதில்லை. அப்படியென்றால் எங்களிடம் தாயைக் காட்டும் கலை இல்லையா? (ஒரு வாசகி, சாய்ந்தமருது)

பதில்: உங்களிடம் இருப்பது மாதிரி ஒன்று எங்களிடம் இல்லை என்றுதான் நான் நினைத்திருக்கிறேன். ஹாஜரா நாயகி பாலைவனத்தில் தனியே, கையில் குழந்தை இஸ்மாயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஸஃபா குன்றில் ஏறிப் பார்க்கிறார், ஒருவரும் இல்லை. இறங்கி ஓடி மர்வாவில் ஏறிப் பார்க்கிறார், அங்கேயும் ஒருவரும் இல்லை. இப்படி ஏழு தரம். அப்புறம்தான் ஸம்ஸம் ஊற்று. அந்த ஓட்டத்தை உங்கள் மரபு சிலையாகவோ படமாகவோ வைக்கவில்லை. பதிலாக, ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிற ஒவ்வொருவரும் அதைத் தன் காலால் செய்து காட்டுகிறார். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 450 மீற்றர், ஏழு தடவை. நடுவில் பச்சை விளக்குப் போட்ட இடம் வந்தால் ஆண்கள் மெல்ல ஓடுவார்கள். யோசித்துப் பாருங்கள். மன்னனாக இருந்தாலும் கூலிக்காரனாக இருந்தாலும், தண்ணீர் தேடிய ஒரு தாயின் பதைப்பை அந்த இடத்தில் தன் உடம்பால் படவேண்டும். கல்லில் செதுக்கினால் பார்த்துவிட்டுப் போய்விடலாம். இதில் பார்க்கிறவர் என்று ஒருவர் இல்லை.

திருக்குர்ஆனில் 19வது அத்தியாயம் மர்யம் நாயகியின் பெயரில் இருக்கிறது. ஐரோப்பியர் வரைந்த பிறப்புக் காட்சிகள் பலவற்றில் மரியாள் அலுங்காமல் முழந்தாளில் இருப்பார், பிள்ளை ஏற்கெனவே பிறந்திருக்கும். குர்ஆனில் அவர் தனியே பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையில் இருக்கிறார். இதற்கு முன்னரே நான் இறந்திருக்கக்கூடாதா என்கிறார். மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு முதலில் சாப்பாடு. நம்முடைய மருத்துவிச்சிமாரும் அதைத்தான் சொன்னார்கள்.

என்னோடு படிப்பித்த கல்முனை டீச்சர் ஒருவர் ஹஜ்ஜால் வந்து எனக்கு ஒரு சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீரும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் தந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. "ஏழாவது தரம் நடக்கக்குள்ள எங்கட உம்மா கிணத்தடியில இருந்து குடத்தோட வாறது மாதிரியே இருந்திச்சு டீச்சர்" என்றார். அவருடைய உம்மா அப்போது காலமாகிப் பத்து வருடம்.

கேள்வி: பழைய சினிமாப் படங்களில் அம்மா என்றால் வெள்ளைச் சேலையும் தையல் மெஷினும் ஏன்? (ஒரு வாசகர், செங்கலடி)

பதில்: வெளியே போகாமல் உழைக்கவேண்டும், ஆனால் உழைக்கிறாள் என்பது திரையில் தெரியவேண்டும். அதற்கு மெஷின் வசதி. சத்தமும் வரும். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, புருஷன் இல்லாத பெண் என்றால் தையல்தான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் உதவி என்று வந்தவர்கள் ஊர் ஊராக மெஷின் கொடுத்தார்கள். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் தாய் அதை விற்று ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி மீன் வியாபாரம் செய்தார். பெட்டி கட்டி, விடிய நாலு மணிக்குக் கடற்கரைக்குப் போய்விடுவார். மகள் "என் அம்மா" என்று வரைந்த படத்தில் ஹெட்லைட்டுக்கு மஞ்சள் போதாமல் என்னிடம் வந்து கேட்டாள். அந்தத் தாயை நான் இன்னும் எந்தச் சினிமாவிலும் காணவில்லை.

கேள்வி: நம்முடைய கூத்தில் ஆண்கள்தான் தாய் வேடம் போட்டார்கள். ஒரு ஆணால் தாய்மையைக் காட்ட முடியுமா? (கூத்துக் குடும்பத்து வாசகர், வந்தாறுமூலை)

பதில்: முடியும். எட்டு வயதில் கண்ணால் கண்டேன்.

எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், வடமோடிக் கூத்துக்குப் பெண் வேடம் ஆடுவார். வயல் வட்டைக்குள் வேலை செய்கிற மனிதன். கை மரக்கட்டை மாதிரி இருக்கும். கூத்துக்குக் கொப்பி கொடுத்த நாளில் இருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் பழகுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்னார் என்று மீசையை எடுத்துவிட்டு வந்தால் மாமி இரண்டு நாளைக்கு முகம் பார்த்துப் பேசமாட்டார். அந்த வருடம் கர்ணனின் கதை. மாமாவுக்குக் குந்தி.

கதை உங்களுக்குத் தெரியும். குந்தி கன்னியாக இருக்கும்போது பெற்று ஆற்றில் விட்ட பிள்ளை கர்ணன். வளர்த்தவள் தேரோட்டியின் மனைவி இராதை. போருக்கு முன் குந்தி போய் "நான்தான் உன் தாய்" என்கிறாள். வில்லிபுத்தூரார் தமிழில் பாடியபோது கர்ணன் அவளிடம் ஒன்று கேட்கிறான். நான் செத்து விழுந்த பிறகு எல்லாரும் காண வந்து மடியில் எடுத்துப் பால் கொடு, இவன் என் மகன் என்று சொல். உயிரோடு இருக்கும்போது கிடைக்காததைச் செத்த பிறகாவது தா என்று கேட்கிற பிள்ளை. ரோமில் மைக்கலாஞ்சலோ 1499 அளவில் முடித்த பியேட்டா சிலையில் மரியாள் இறந்த மகனை மடியில் கிடத்தியிருப்பதை உலகமே போய்ப் பார்க்கிறது. எங்களிடம் அந்த மடி கூத்தாடும் வட்டக்களரிக்குள் இருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மண்ணில்.

மத்தளம் நின்றுவிட்டது. மாமா நிலத்தில் இருந்து கர்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்தார். பாட்டைத் தொடங்கவில்லை. முந்தானையின் நுனியை இழுத்து, அதை நாக்கில் வைத்து நனைத்து, கர்ணனின் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த எங்கள் பெத்தாச்சிக்கு, மாமாவின் தாய்க்கு, மூச்சு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் அது பெத்தாச்சியின் பழக்கம். பள்ளிக்கூடம் போகும் எங்கள் முகத்தை அவர் அப்படித்தான் எச்சில் தொட்டுத் துடைப்பார், நாங்கள் முகத்தைத் திருப்புவோம். அண்ணாவியார் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, கொப்பியிலும் இல்லை. மாமா தன் தாயை முப்பது நாற்பது வருடம் பார்த்து வைத்திருந்ததைக் களரிக்குக் கொண்டுவந்தார்.

ஐயா, உங்கள் குடும்பத்திலும் பெண் வேடம் ஆடியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரைப் பார்த்து ஆடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பாட்டுக் கொப்பி மிஞ்சும், இது மிஞ்சாது. அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்குப் போய் வாழ்ந்த மேரி கசாட் என்ற ஓவியர், பிள்ளையைக் குளிப்பாட்டும் தாயையும் மடியில் தூங்கும் பிள்ளையையும் திரும்பத் திரும்ப வரைந்தார். 1893 அளவில் வரைந்த ஒரு படத்தில் தாய் பிள்ளையின் காலை ஒரு வட்டில் தண்ணீருக்குள் கழுவுகிறாள், இரண்டு தலையும் ஒட்டியபடி கீழே பார்க்கின்றன. கசாட்டுக்கும் பிள்ளை இல்லை. பார்க்கத் தெரிந்திருந்தது.

கேள்வி: பாடப்புத்தகத்தில் புறநானூற்று வீரத்தாயைப் பெருமையாகப் படிப்பிக்கிறோம். வகுப்பில் ஒரு பிள்ளை "எங்கட அம்மம்மா இதைக் கேட்டா அழுவா சேர்" என்றது. எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்? (தமிழாசிரியர், அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, அந்தப் பிள்ளை சொன்னதை நீங்கள் மறக்காமல் எனக்கு எழுதியதே பெரிய காரியம்.

நீங்கள் சொல்லும் பாட்டு காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியதாக இருக்கும். மகன் புறமுதுகு காட்டிச் செத்தான் என்று யாரோ சொல்ல, அப்படியென்றால் அவன் பால் குடித்த மார்பை அறுப்பேன் என்று ஒரு கிழவி வாளோடு களத்துக்குப் போகிறாள். துண்டு துண்டாகக் கிடந்த உடம்பைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள் என்று முடிகிறது. கவிதையாக அது பெரிய கவிதை. முன்பு அதை வரையச் சொல்லிப் போட்டிகூட வைத்திருக்கிறேன். 1990க்குப் பிறகு வைக்கவில்லை. பிள்ளைகளின் சிவப்புக் கலர் எல்லாம் முடிந்துபோகிற ஒரு தலைப்பை இந்த மண்ணில் இனி நான் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அதே புறநானூற்றில் 86வது பாட்டைப் படிப்பியுங்கள். பாடியவர் காவற்பெண்டு. யாரோ வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறார்கள். "என் மகன் யாண்டு உளன் ஆயினும் அறியேன்" என்கிறாள் தாய். அவன் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியாது. புலி இருந்துவிட்டுப் போன குகை மாதிரி, பெற்ற வயிறு இதோ இருக்கிறது. அவன் போர்க்களத்தில்தான் இருப்பான் என்று பெருமையோடு அவள் முடிப்பதாகத்தான் உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு ஒரு காலம் வந்தது. அந்த ஒரு வரி மட்டும் என் காதில் வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

ஜேர்மனியில் கேத்தே கொல்விற்ஸ் என்ற ஓவியரின் இளைய மகன் பீற்றர், 1914 ஒக்டோபரில் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் இறந்தான். 18 வயது. அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்யத் தொடங்கியவருக்கு அதை முடிக்க 1932 ஆகிவிட்டது. முதலில் மகனின் உருவத்தோடு செய்ய நினைத்தார். முடித்தபோது மகன் அதில் இல்லை. தாயும் தகப்பனும் தனித்தனிக் கல்லில் முழந்தாளிட்டிருக்கிறார்கள். தகப்பன் நிமிர்ந்து, கைகளைத் தன் உடம்போடு இறுக்கியபடி. தாய் முன்னுக்குக் குனிந்தபடி. ஒருவரை ஒருவர் தொடவில்லை. மகன் புதைந்த மயானத்தில் அந்தச் சிலைகள் இருக்கின்றன. வீரத்தாயையும் இந்தத் தாயையும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எது சரி என்று நீங்கள் சொல்லவேண்டாம், பிள்ளைகள் பேசட்டும்.

அந்தப் பிள்ளையின் அம்மம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடைசித் தம்பி 1990இல் ஒரு பகல் நேரம் வீட்டைவிட்டு வெளியே போனான். திரும்பி வரவில்லை. அம்மாவிடம் இருந்தது அவனுடைய அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். காணாமல் போனதைப் பதிகிற இடமெல்லாம் பெரிய படம் கேட்டார்கள் என்று ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர் பெருப்பிக்கும்போது மரியாதைக்கு ஒரு கோட்டும் கழுத்துப்பட்டியும் வரைந்து போடுவார்கள். அம்மா படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆர்ர புள்ள? என்ட புள்ளைக்கு ஏது கோட்டு?" என்றார்.

அன்றிரவு அரிக்கன் லாம்பை மேசையில் வைத்துக்கொண்டு நான் கோட்டின் மேல் கலர் பூசினேன். அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கடைசியாக அவன் போட்டிருந்த சட்டை எனக்கு நீலம் என்று மட்டும்தான் நினைவு. கோடு போட்டது என்று அம்மா சொன்னார். கோடு எவ்வளவு அகலம் என்று ஈர்க்குத்துண்டு ஒன்றை வைத்துக் காட்டினார். கொலருக்கு உட்பக்கம் கொஞ்சம் வெளிறியிருக்கும் என்றார், அப்படியே கலந்தேன். பிறகு பொத்தான்களை மேலிருந்து வரையத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"மேல் பொத்தான் போடாத மகள். அது கழண்டு கிடந்திச்சு. தைச்சுத் தாறன் எண்டு சொன்னனான், தைக்கல."

அந்த இடத்தை நூல் மட்டும் தெரிகிற மாதிரி விட்டேன். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கியபோது, அம்மா கையில் வைத்திருந்ததும் அந்தப் படம்தான்.